செல்வாக்கைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை கயிறு, எத்தனை விரல்!

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு அலுவலகத்தின் வேறொரு துறையில் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அங்கே தேங்கிக் கிடந்த ஒரு கோப்பை நகர்த்தித் தரலாமே என்று, தன் மேலாளருக்கு ‘ஐ கேன் புல் த ஸ்ட்ரிங்ஸ் இன் தட் டிபார்ட்மென்ட்’ என்று மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அந்த மேலாளர், ‘இதையெல்லாம் எழுத்தில் வைக்காதே’ என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டார். அகராதியில் ‘செல்வாக்கைப் பயன்படுத்துதல்’ என்றுதானே இருக்கிறது, இதில் என்ன தப்பு? இதே பொருளில் வரும் மற்ற தொடர்களை எங்கே எப்படிப் பயன்படுத்துவது? இதுதான் அவர் கேட்டது.

தப்பு இரண்டு இருக்கிறது. ஒன்று, நடுவில் வந்த ‘த’ என்ற ஒற்றை எழுத்து. இன்னொன்று, அந்தத் தொடரை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது.

முதலில் அந்த எழுத்து. ‘புல் ஸ்ட்ரிங்ஸ்’ என்பது கயிறுகளை இழுப்பது. தமிழில் எழுதும்போது ‘புல்’ தரையில் முளைத்த மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பொம்மலாட்டத்திலிருந்து வந்த படிமம். ‘புல் ஸ்ட்ரிங்ஸ்’ என்றோ, ‘புல் எ ஃப்யூ ஸ்ட்ரிங்ஸ்’ என்றோ சொன்னால், தெரிந்தவர்களைப் பிடித்து ஒரு காரியத்தை முடித்துக்கொள்வது. ஒரு தடவை செய்கிற வேலை. இங்கே ஒருவரிடம் ஒரு வார்த்தை, அங்கே ஒருவருக்கு ஒரு போன், காரியம் முடிந்தது. அதே தொடரில் ‘த’ சேர்ந்து ‘புல் த ஸ்ட்ரிங்ஸ்’ ஆகிவிட்டால் கதையே வேறு. எல்லாக் கயிறும் என் கையில் இருக்கிறது, மேடையில் கை கால் ஆட்டுகிறவர்கள் பொம்மைகள், ஆட்டிவைக்கிறவன் நான் என்று பொருள். கேட்டவர் ‘அந்தத் துறையில் எனக்கு ஆள் தெரியும்’ என்று சொல்ல நினைத்தார். மேலாளர் படித்தது ‘அந்தத் துறையைத் திரைக்குப் பின்னால் இருந்து நடத்துவதே நான்தான்’ என்பதை!

‘புல் த ஸ்ட்ரிங்ஸ்’ என்பதற்குத் தமிழில் ஒரு கச்சிதமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: சூத்திரதாரி. சூத்திரம் என்றால் நூல், கயிறு. தாரி என்றால் வைத்திருப்பவர். கயிற்றைக் கையில் வைத்திருப்பவர். வடமொழி நாடகத்தில் நாடகத்தை நடத்திச் செல்பவருக்கு இருந்த பெயர், இன்றைக்கு நாளிதழ்களில் ‘சதியின் சூத்திரதாரி’ என்று வருகிறது. எங்கெங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கின்றன. ‘புல் ஸ்ட்ரிங்ஸ்’ என்பதற்கு மட்டும் நம்மிடம் கயிறு கிடையாது. அதை ‘ஆளைப் பிடித்து’ என்கிறோம், இல்லாவிட்டால் ‘சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி’ என்கிறோம்.

அதே கயிறு வருகிறதே என்று ‘நோ ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்ட்’ என்பதையும் இதோடு சேர்த்துவிட வேண்டாம். அது ‘எந்த நிபந்தனையும் இல்லாமல்’ என்பது. ‘ஹோல்ட் த பர்ஸ் ஸ்ட்ரிங்ஸ்’ இன்னொன்று. பணப்பைச் சுருக்குக் கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் செலவுக்குச் சரி சொல்ல வேண்டும். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

இனி இரண்டாவது தப்பு. உண்மையில் இதுதான் பெரியது, இந்த வகைத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதும்கூட. அகராதி எல்லாவற்றுக்கும் ‘செல்வாக்கு’ என்று ஒரே பொருளைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை ஒரு தீர்ப்பையும் உள்ளே வைத்திருக்கின்றன. நான் கையாளும் அளவுகோல் எளிமையானது: இதை ஒருவர் தன்னைப் பற்றியே, சம்பந்தப்பட்டவரை எதிரில் வைத்துக்கொண்டு சொல்வாரா? ‘ஐ வில் புட் இன் எ குட் வேர்ட் ஃபார் யூ’, அதாவது உனக்காக நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன் என்பதை யாரும் எங்கேயும் சொல்லலாம். ‘ஐ புல்ட் எ ஃப்யூ ஸ்ட்ரிங்ஸ்’ என்பதை நண்பர்களிடம் பாதிச் சிரிப்போடு சொல்லலாம், அதுவும் காரியம் முடிந்த பிறகு. அலுவல் கடிதத்தில் எழுதினால் வாக்குமூலம் மாதிரி இருக்கும். ‘ஐ ஹேவ் ஹிம் இன் மை பாக்கெட்’, அந்த ஆள் என் சட்டைப்பைக்குள் என்பதை, அந்த ஆள் காதில் விழும்படி யாரும் சொல்லமாட்டார்கள். மூன்றுமே செல்வாக்குதான்.

தமிழில் செல்வாக்கு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செல்லும் வாக்கு. சொன்ன சொல் செல்லுபடியாகிறது, அதுதான் செல்வாக்கு. நமக்கு அது வாயிலிருந்து வருகிறது. ஆங்கில மரபுத்தொடர்களில் அது பெரும்பாலும் உடம்பில் இருக்கிறது: எடை, காது, விரல், மூக்கு, முறுக்கப்படும் கை. எந்த உறுப்பு வருகிறது என்று பார்த்தாலே தொடரின் குணத்தைப் பாதி ஊகித்துவிடலாம்.

எடையில் தொடங்குவோம். எடை மரியாதையானது. ‘ஹிஸ் ஒப்பீனியன் கேரீஸ் வெயிட்’ என்றால் அவர் கருத்துக்கு அங்கே கனம் உண்டு. நம் பேச்சில் ‘அவர் சொன்னா அங்கே எடுபடும்’ என்பதற்கு மிக அருகில் வருகிறது. இதில் பெரும்பாலும் எழுவாயாக வருவது கருத்தோ, வார்த்தையோ, பெயரோதான். ‘திறமைக்கு அங்கே வெயிட் இல்லை’ என்பது மாதிரி எதிர்மறையாகவும் வரும்.

ஆனால் எடையை எறிய ஆரம்பித்தால் கவனம் வேண்டும். ‘த்ரோ யுவர் வெயிட் பிஹைண்ட் சம்திங்’ என்றால் ஒரு முயற்சிக்குப் பின்னால் நின்று முழுப் பலத்தையும் கொடுப்பது. நல்ல காரியம். ‘த்ரோ யுவர் வெயிட் அரவுண்ட்’ என்றால் பதவி இருக்கிறதென்று எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிவது. பிரிட்டிஷ்காரர்கள் ‘அரவுண்ட்’ இருக்கும் இடத்தில் ‘அபவுட்’ போடுவார்கள், பொருள் மாறாது. முதலாவது பாராட்டு, இரண்டாவது புகார். நடுவில் மாறியது ஒரே ஒரு சின்னச் சொல். ஆங்கில மரபுத்தொடர்களில் பெரிய சொற்கள் நம்மை ஏமாற்றுவதில்லை, இந்தப் பொடிச் சொற்கள்தான் காலை வாரிவிடுகின்றன.

‘பஞ்ச் அபவ் யுவர் வெயிட்’ குத்துச்சண்டையிலிருந்து வந்தது. அங்கே எடைக்கு ஏற்ற பிரிவில்தான் மோத வேண்டும். தன் பிரிவைவிடக் கனமான ஆளோடு மோதித் தாக்குப்பிடிக்கிறவன், தன் அளவை மீறிய செல்வாக்கு உள்ளவன். 1990களில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த டக்ளஸ் ஹர்ட் தன் நாட்டைப் பற்றி இப்படிச் சொன்னதற்குப் பிறகு அரசியல் எழுத்தில் நிறையப் புழங்குகிறது. ‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது’ என்பதைப் பல இடங்களில் தயங்காமல் போடலாம். ஒரே எச்சரிக்கை: இது பாராட்டுதான் என்றாலும், ‘நீ சின்னவன்தான்’ என்பதும் உள்ளே இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் தலைவரிடம் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

‘க்ளௌட்’ என்ற சொல்லும் எடைக் குடும்பத்தோடுதான் பழகுகிறது. முன்பு அதற்குத் துணி என்று பொருள், ஓங்கி ஓர் அடி என்றும் பொருள். மே கழியும்வரை ஒரு க்ளௌட்டையும் கழற்றாதே என்ற பழைய ஆங்கிலப் பழமொழியில் இருப்பது உடுப்பு. செல்வாக்கு என்ற அர்த்தத்தில் அது பரவியது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், குறிப்பாகச் சிகாகோ நகர அரசியல் பேச்சில். ‘ஷி ஹேஸ் க்ளௌட்’ என்றால் அவர் தட்டினால் கதவு திறக்கும். வசையும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை, நடைமுறை உண்மை. இப்போதைய இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் பின்தொடர்வோர் எண்ணிக்கைக்காக அலைகிறவரை ‘க்ளௌட் சேஸர்’ என்கிறார்கள், அது நிச்சயமாகக் கேலி.

அடுத்து காது. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் வழுக்குவதைப் பார்க்கிறேன். ‘ஹி ஹேஸ் த மினிஸ்டர்ஸ் இயர்’ என்றால் அமைச்சரின் காது அவரிடம் இருக்கிறது. அதாவது அவர் சொன்னால் அமைச்சர் கேட்பார், நேரடியாகப் போய்ச் சொல்லும் நெருக்கம் உண்டு. ‘பெண்ட் சம்ஒன்ஸ் இயர்’ என்றால் ஒருவர் காதை வளைப்பது, அதாவது விடாமல் பேசி அறுப்பது. ‘ஐ பெண்ட் த மினிஸ்டர்ஸ் இயர்’ என்று பெருமையாக எழுதினால், அமைச்சர் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தார் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். ‘லெண்ட் அன் இயர்’ என்பது சும்மா காது கொடுத்துக் கேட்பது, அதில் செல்வாக்கு எதுவும் இல்லை. ‘போர் பாய்ஸன் இன் சம்ஒன்ஸ் இயர்’ காதில் விஷம் ஊற்றுவது. நாம் இதைக் ‘காதில் ஓதுவது’, ‘போட்டுக்கொடுப்பது’, ‘தலையணை மந்திரம்’ என்று ஆளுக்கும் இடத்துக்கும் தகுந்தபடி பிரித்து வைத்திருக்கிறோம். இந்த விஷயத்தில் தமிழ்தான் நுணுக்கமானது என்பது என் அபிப்பிராயம்.

விரல்களுக்கு வந்தால் மரியாதை குறைய ஆரம்பிக்கிறது. ‘ராப் சம்ஒன் அரவுண்ட் யுவர் லிட்டில் ஃபிங்கர்’, ஒருவரைச் சுண்டு விரலில் சுற்றி வைத்துக்கொள்வது. இங்கே பலம் கிடையாது, கவர்ச்சியும் செல்லமும்தான் ஆயுதம். சுண்டு விரல் என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தை தாத்தாவை இப்படி வைத்திருக்கும், தாத்தாவும் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருப்பார். தமிழில் ‘கைக்குள் போட்டுக்கொள்வது’ ஓரளவு பொருந்தும், ஆனால் நம் தொடரில் கொஞ்சம் கள்ளத்தனம் கூடுதல். ‘அண்டர் சம்ஒன்ஸ் தம்ப்’ அப்படியல்ல. கட்டைவிரலின் கீழ் நசுங்கிக் கிடப்பது. அதில் செல்லம் இல்லை, அழுத்தம்தான். மனைவியின் கட்டைவிரலின் கீழ் இருக்கும் கணவன் என்று ஆங்கிலத்தில் சொல்வதும், நம் ஊர்ப் பேச்சில் ‘முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்’ என்பதும் ஒரே ரகக் கிண்டல்தான். கிண்டல் பழையது, இன்றைக்குச் சிலருக்கு அது ரசிக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விரல் தொடர்கள் இரண்டும் வல்லூறு வேட்டைக்காரர்கள் பறவையின் கயிற்றை விரலில் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்ததிலிருந்து வந்தன என்று ஓர் அழகான கதை சுற்றுகிறது. ஆதாரம் இல்லாத கதை. சொல்லாராய்ச்சியில் அழகான கதை என்றாலே கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

மூக்கு? ‘லீட் சம்ஒன் பை த நோஸ்’ என்றால் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது. மூக்கணாங்கயிறு தெரிந்த நமக்கு விளக்கமே வேண்டாம். இங்கே பாதிக்கப்படுகிறவனுக்குத் தன்னை ஒருவன் இழுத்துக்கொண்டு போகிறான் என்பதே தெரியாது, அதுதான் இதன் சாரம். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில், கழுதைகளைப் போல ஒத்தெல்லோவை மூக்கைப் பிடித்து எளிதாக இழுத்துப் போகலாம் என்று அவனிடம் வேலை பார்க்கும் இயாகோ திட்டம் போடுவான். கடைசிக் காட்சியில் உண்மை வெளிவரும்வரை ஒத்தெல்லோ அவனை நேர்மையான இயாகோ என்றே நம்பிக்கொண்டிருப்பான். இந்தத் தொடரின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

‘ட்விஸ்ட் சம்ஒன்ஸ் ஆர்ம்’, கையை முறுக்குவது, வேறு ஜாதி. எதிராளிக்கு நன்றாகவே தெரியும், வலிக்கவும் செய்யும். வற்புறுத்தி, நெருக்கடி கொடுத்துச் சம்மதிக்க வைப்பது. செய்தித்தாளில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் கையை முறுக்குகிறது என்று வந்தால் அது கடுமையான குற்றச்சாட்டு. ஆனால் வீட்டுக்குள் இதே தொடர் தலைகீழாகிவிடும். விருந்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், இன்னொரு துண்டு கேக் வேண்டுமா என்று கேட்கிறார்கள். விருந்தாளி தட்டை முன்னால் நகர்த்திக்கொண்டே ‘ஓ, கோ ஆன், ட்விஸ்ட் மை ஆர்ம்’ என்கிறார். கையை யாரும் தொடவே இல்லை. ‘வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசில்லை, கட்டாயப்படுத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது அதன் பொருள். நம் வீடுகளில் ‘அய்யோ போதும் போதும்’ என்று சொல்லிக்கொண்டே இலையை மறைக்காமல் இருப்போமே, அதே நாடகம். இதை நிஜமான எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு கேக்கைத் திரும்ப எடுத்துப் போய்விடாதீர்கள்.

‘ஹேவ் சம்ஒன் ஓவர் எ பேரல்’ இன்னும் ஒரு படி மேலே. ஒருவரைப் பீப்பாய் மேல் கவிழ்த்துப் போட்டிருப்பது, அதாவது அவருக்கு வேறு வழியே இல்லாமல் பண்ணியிருப்பது. ‘அவன் குடுமி இவர் கையில்’ என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ‘டான்ஸ் டு சம்ஒன்ஸ் ட்யூன்’ என்பதற்கும் அப்படியே: அவர் போடும் தாளத்துக்கு இவன் ஆடுகிறான்.

அந்த ராகத்தோடு சேர்ந்து வருவது ‘கால் த ட்யூன்’. முழுப் பழமொழி, குழல் ஊதுகிறவனுக்குக் கூலி கொடுப்பவன்தான் என்ன ராகம் என்று சொல்வான் என்பது. காசு போடுகிறவர் முடிவு செய்வார். இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘பே த பைப்பர்’ என்ற பகுதி தனியாக வந்தால், அதிலும் அமெரிக்கப் பேச்சில், செய்த வினைக்குப் பலன் அனுபவிப்பது என்று பொருள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே பழமொழியின் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாகக் குடித்தனம் போய்விட்டன. ‘கால் த ஷாட்ஸ்’ என்பதும் முடிவெடுப்பதைத்தான் சொல்கிறது. அதில் காசு வர வேண்டிய அவசியம் இல்லை, யார் கையில் அதிகாரமோ அவர். ‘புல் ரேங்க்’ பட்டாளத்திலிருந்து வந்தது, ‘நான் உன் மேலதிகாரி, சொன்னதைச் செய்’ என்பது. இரண்டு பேர் விவாதித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டுப் பதவியை எடுத்து மேஜையில் வைத்தால், அதுதான் புல்லிங் ரேங்க்.

இனி திரைக்குப் பின்னால் இருப்பவர்கள். ‘த பவர் பிஹைண்ட் த த்ரோன்’ என்றால் சிம்மாசனத்துக்குப் பின்னால் நிற்கும் சக்தி. பட்டம் ஒருவருக்கு, முடிவு இன்னொருவருடையது. பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட ‘எமினான்ஸ் க்ரீஸ்’ என்பதும் இதே ரகம்தான், ஆனால் அதற்குப் பின்னால் நிஜமான ஒரு மனிதர் இருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் முதன்மை அமைச்சராக இருந்தவர் கார்டினல் ரிஷெலியே. கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்நிலைக் குருமார்களான கார்டினல்களை ‘எமினென்ஸ்’ என்று விளிப்பது வழக்கம், அவர்களுடைய அங்கி சிவப்பு. ரிஷெலியேவின் நெருங்கிய ஆலோசகராக இருந்தவர் ஜோசஃப், கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையைச் சேர்ந்தவர். 1638இல் இறக்கும்வரை அவர் கார்டினல் ஆகவே இல்லை, துறவியின் சாம்பல் நிற அங்கிதான். ஆனாலும் நாட்டின் வெளியுறவு விவகாரங்களில் அவர் கை இருந்தது. ஆகவே மக்கள் அவரைச் ‘சாம்பல் நிற எமினென்ஸ்’ என்றார்கள். இன்றைக்கு ஒரு கட்சியிலோ நிறுவனத்திலோ பதவி எதுவும் இல்லாமல் எல்லா முடிவிலும் கை இருக்கிற மூத்தவரை இப்படிச் சொல்கிறார்கள். ஓரளவு மரியாதை, ஓரளவு பயம் இரண்டும் கலந்த சொல்.

‘கிங்மேக்கர்’ தமிழ்ப் பத்திரிகைகளுக்கே பழகிப்போன சொல். மூலம் இங்கிலாந்தின் வாரிக் பிரபு ரிச்சர்ட் நெவில். ரோஜாப் போர்கள் என்று பெயர் பெற்ற வாரிசுச் சண்டையில் 1461இல் நான்காம் எட்வர்டு அரியணை ஏறக் கைகொடுத்தார். பிறகு மனஸ்தாபம் வந்து, 1470இல் பழைய அரசர் ஆறாம் ஹென்றியைத் திரும்ப உட்கார வைத்தார். அடுத்த ஆண்டே பார்னெட் போர்க்களத்தில் எட்வர்டின் படையோடு மோதி உயிரை விட்டார். ஆகவே கிங்மேக்கர் என்பதில் ராஜாவை ஆக்குகிறவர், ஆனால் தான் ராஜா இல்லை என்பது முக்கியம். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது நாலு இடங்களை வைத்திருக்கும் கட்சிக்கு இது பொருந்தும். ஜெயித்து ஆட்சி அமைத்தவரையே கிங்மேக்கர் என்று எழுதுவது தவறு.

‘ஸ்வெங்காலி’ என்று ஒரு பெயரும் அடிபடும். ஜார்ஜ் து மோரியே 1894இல் எழுதிய ட்ரில்பி நாவலில் வரும் பாத்திரம். ஓர் இளம்பெண்ணை வசியத்தால் பாடகியாக்கித் தன் பிடியில் வைத்திருப்பவன். ஒருவரின் மனதையே கையில் எடுத்துக்கொண்டு ஆட்டிவைக்கும் குருவையோ மேலாளரையோ இப்படிச் சொல்வார்கள். கடுமையான சொல், யூதர்களைப் பற்றிய பழைய வெறுப்பும் அந்தப் பாத்திரப் படைப்பில் இருப்பதால் நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

பெரிய மனிதர்களைக் குறிக்கும் சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். ‘பிக்விக்’ என்றால் பெரிய பொய்முடி. பொய்முடி அணிவது நாகரிகமாக இருந்த காலத்தில் பெரிய பதவிக்காரர்கள் பெரியதாக வைத்துக்கொண்டார்கள். நம் ‘பெரிய தலை’ அதற்கு நேர் சமம், முடி மட்டும் இல்லை. ‘பிக் சீஸ்’ என்பதில் உள்ள சீஸ் பாலாடைக்கட்டி இல்லை, உருதுவிலும் இந்தியிலும் ‘பொருள்’ என்று பொருள்படும் ‘சீஸ்’தான் அது என்று அகராதிகள் சொல்கின்றன. ‘மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்’ இன்றைக்குத் தொழிலதிபர்களையும் அரசியல் புள்ளிகளையும் குறிக்கிறது. 1870களில் ஆர்தர் ஓஷானெஸி என்ற கவிஞர் அந்த வார்த்தைகளை எழுதியபோது, உலகை அசைத்து உலுக்குகிறவர்கள் என்று அவர் சொன்னது கவிஞர்களை. பாவம்!

செல்வாக்கோடு பணம் சேரும்போது தொடர்கள் மாறுகின்றன. ‘க்ரீஸ் சம்ஒன்ஸ் பாம்’, உள்ளங்கையில் எண்ணெய் தடவுவது, சுத்தமான லஞ்சம். தமிழில் இதற்கு ‘கொஞ்சம் கவனிச்சுட்டுப் போங்க’ என்பதைவிட நயமான சொல் உலகத்தில் எந்த மொழியிலும் இருக்காது. ‘புல் ஸ்ட்ரிங்ஸ்’ செய்தவர் காசு கொடுத்தார் என்று பொருள் கிடையாது, இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒருவர்மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்துவதாகிவிடும். ‘ஸ்க்ராட்ச் மை பேக் அண்ட் ஐ வில் ஸ்க்ராட்ச் யுவர்ஸ்’, நீ என் முதுகைச் சொறி, நான் உன் முதுகைச் சொறிகிறேன் என்பது பரஸ்பர உதவி. பணம் இல்லை, ஆனால் கணக்கு உண்டு.

‘ஓல்டு பாய் நெட்வொர்க்’ என்பதில் கிழவர்கள் யாரும் இல்லை. பிரிட்டனில் ஓல்டு பாய் என்றால் பள்ளியின் முன்னாள் மாணவர். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த அதே பழைய பள்ளிகளின் மாணவர்கள் வளர்ந்து ஒருவருக்கொருவர் வேலையும் பதவியும் வாங்கிக்கொடுப்பது. இதைப் பெரும்பாலும் வெளியே நிற்கிறவர்கள்தான் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் நட்பு.

இங்கே நம் ஆங்கிலத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பேச்சில் ‘அவன் ரெக்கமண்டேஷன்ல வந்தவன்’ என்றால் திட்டு. சிபாரிசு என்றாலே தகுதி இல்லாதவன் என்ற வாடை. ஆங்கிலத்தில் ‘ஹி காட் த ஜாப் ஆன் ஹிஸ் ப்ரொஃபஸர்ஸ் ரெக்கமண்டேஷன்’ என்றால் அதில் குறையே கிடையாது, பேராசிரியர் மெச்சிக் கடிதம் கொடுத்தார் என்றுதான் ஆகும். நாம் திட்டியதாக நினைத்துக்கொண்டிருப்போம், கேட்கிறவர் ‘அப்படியா, கெட்டிக்காரன்தான்’ என்பார். அந்தத் திட்டைச் சரியாகத் திட்ட வேண்டுமென்றால் ‘ஹி காட் இன் த்ரூ கனெக்ஷன்ஸ்’ என்றோ, ‘சம்படி புல்ட் ஸ்ட்ரிங்ஸ் ஃபார் ஹிம்’ என்றோ சொல்ல வேண்டும்.

தெரியாமலே ஒட்டிக்கொள்ளும் செல்வாக்கும் உண்டு. ‘ரப் ஆஃப் ஆன்’ என்றால் உரசி ஒட்டுவது. அவருடைய பொறுமை எனக்கும் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ‘ஹிஸ் பேஷன்ஸ் ரப்ட் ஆஃப் ஆன் மீ’. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதுதான். அந்த ‘ஆன்’ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள், வாக்கியம் விவகாரமாகிவிடும். இதன் மறுபக்கம் அழுகிய ஆப்பிள். ஓர் அழுகிய ஆப்பிள் பீப்பாயில் உள்ள அத்தனையையும் கெடுத்துவிடும் என்பது பழமொழி. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம். வேடிக்கை என்னவென்றால், இப்போது ஒரு நிறுவனத்தில் ஊழல் வெளிவந்தால் அதன் தலைவர் ‘ஜஸ்ட் எ ஃப்யூ பேட் ஆப்பிள்ஸ்’ என்கிறார். சிலர்தான் கெட்டவர்கள், மற்றவர்கள் தங்கம் என்று தேற்றுகிறார். பழமொழி சொன்னது நேர் எதிர். சிலர் கெட்டால் மொத்தமும் போச்சு!

‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘உள்ளே பாய்தல்’. நட்சத்திரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாய்ந்து மனிதர் தலையெழுத்தை மாற்றுகிறது என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள், அந்தப் பாய்ச்சலின் பெயர். இத்தாலியில் கொள்ளைநோயையும் அதே கணக்கில் ‘இன்ஃப்ளூயன்ஸா’ என்றார்கள். 1743இல் அங்கே பரவிய காய்ச்சலோடு அந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் வந்தது. ஃப்ளூவும் இன்ஃப்ளூயன்ஸரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இடைச்சொல் போடுவது என்பதில் தடுமாறாதவர் குறைவு. ‘இன்ஃப்ளூயன்ஸ் ஆன்’ என்றால் தாக்கம்: அம்மாவின் தாக்கம் என் எழுத்தில். ‘இன்ஃப்ளூயன்ஸ் ஓவர்’ என்றால் பிடி: அவன்மேல் அவளுக்குப் பிடி உண்டு. ‘இன்ஃப்ளூயன்ஸ் வித்’ என்றால் ஒருவரிடம் நமக்குள்ள செல்வாக்கு: அமைச்சரிடம் அவருக்குச் செல்வாக்கு. வினையாகப் போட்டால் எதுவுமே வேண்டாம். ‘ஹி இன்ஃப்ளூயன்ஸ்ட் மீ’ போதும், நடுவில் ‘ஆன்’ சொருகக் கூடாது. ‘அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்’ என்று வெறுமனே நிறுத்தினால் குடிபோதை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குக்கு அமெரிக்காவில் அதுதான் பெயர். ஒருமுறை ஒரு மாணவரின் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தக் கொடுத்தார்கள். தாத்தா நல்ல ஆசிரியர், அவரைப் பார்த்து வளர்ந்தேன் என்று ஒரு பத்தி. அதன் கடைசி வாக்கியம், என் பள்ளிக் காலம் முழுவதும் நான் ‘அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்’ ஆகவே இருந்தேன்! பின்னால் ‘ஆஃப் மை கிராண்ட்ஃபாதர்’ என்று மூன்று சொல் சேர்த்ததும் பையன் தெளிந்துவிட்டான்.

செல்வாக்குத் தொடர்களைத் தேடும்போது ‘பாப்ஸ் யுவர் அங்கிள்’ என்பதும் கண்ணில் படும். பாப் உன் மாமா. அதற்கு ‘அவ்வளவுதான், வேலை முடிஞ்சது’ என்றுதான் பொருள், சிபாரிசு எதுவும் இல்லை. 1887இல் பிரதமர் சாலிஸ்பரி தன் அக்காள் மகன் ஆர்தர் பால்ஃபரை அயர்லாந்துக்குத் தலைமைச் செயலராக நியமித்தார், சாலிஸ்பரியின் முதற்பெயர் ராபர்ட், அதாவது பாப், அதனால்தான் இந்தத் தொடர் என்பார்கள். நியமனம் நிஜம். ஆனால் தொடருக்குக் கிடைக்கும் சான்றுகள் 1920களிலிருந்துதான், முப்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. மறுபடியும் ஓர் அழகான கதை.

சரி, அந்த மின்னஞ்சலுக்கு வருவோம். உங்களுக்கு அந்தத் துறையில் ஆள் தெரியும், அவர்களிடம் பேசிப் பார்க்கத் தயார். அவ்வளவுதானே? அப்படியானால் மரபுத்தொடரே வேண்டாம். ‘ஐ நோ எ ஃப்யூ பீப்பிள் இன் தட் டிபார்ட்மென்ட். ஷல் ஐ ஹேவ் எ வேர்ட் வித் தெம்?’ அங்கே சிலரைத் தெரியும், ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா? கயிறு இல்லை, பொம்மை இல்லை. கோப்பு நகர்ந்த பிறகு, மதிய உணவு இடைவேளையில் மேலாளர் எப்படி முடித்தாய் என்று கேட்டால், அப்போது சிரித்துக்கொண்டே ‘ஐ புல்ட் எ ஃப்யூ ஸ்ட்ரிங்ஸ்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். ‘த’ வேண்டாம்.